கதவுத் தட்டுல ஒரு ஓரம்

இல்லம்மா, உள்ள வரல, கால்ல சோப்புத் தண்ணி. இங்கயே நின்னு சொல்லிடறேன். உங்க பிரிட்ஜ் கதவுல முட்டை வெக்கிற தட்டு இருக்கும் பாருங்க, அதுல ஒரு ஓரம் போதும். ரெண்டே ரெண்டு இன்சுலின் பாட்டில், கட்டைவிரல் ஒசரந்தான். டப்பாவுல போட்டு மூடித் தர்றேன். வாடை கீடை எதுவும் வராது.

எனக்கில்ல, எங்க வீட்டுக்காரருக்கு. ஆமா, அவரேதான், எதிர் ஜன்னல்ல உக்காந்து போற வர்றவங்களையெல்லாம் வம்புக்கிழுக்கிறாரே. பெயிண்டரு. மூணு மாடிக்கு ஏணி போட்டு ஏறி, பாடிக்கிட்டே சுவரடிப்பாரு. இப்ப ஒரு கால் போனதுலேர்ந்து வாய் ரெண்டாள் வேலை பாக்குது.

சக்கரைதாம்மா. சக்கரையாலதான் எடுத்தாங்க.

எங்ககிட்டயும் பிரிட்ஜ் இருந்துச்சு. ஊசி ஆரம்பிச்ச ரெண்டாம் மாசமே அதை வித்துத்தான் மருந்து வாங்கினேன். மருந்து வெக்கிற பெட்டிய வித்து மருந்து வாங்கின புத்திசாலி நான். சிரிங்க, பரவால்ல, அவரும் சிரிச்சாரு.

பெரியாஸ்பத்திரியிலயா? சும்மாத்தான் குடுப்பாங்க, இருந்தா. அரைநாள் வரிசையில நின்னா, வரல, அடுத்த வாரம் வாங்கம்பாங்க. நான் லாண்டரில பெட்ஷீட் மடிக்கிறவ. அரைநாள் போனா முழுநாள் கூலிய வெட்டிடுவாங்க. மருந்துக்கடைக்காரரு ஒரு வாரமா தன் கடை பிரிட்ஜ்ல பாட்டிலை வெச்சிருக்காரு, போறப்பல்லாம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறாரு. வீட்டுல வெக்க முடியாதும்மா. மேல தகரம். மத்தியானம் மெழுகுவத்தி தானா வளைஞ்சு படுத்துக்கும்.

உங்களுக்கு முன்னாடி இங்க டீச்சரம்மா இருந்தாங்க, அவங்க பிரிட்ஜ்லதான் மூணு வருஷம் வெச்சேன். பிரிக்காத பாட்டில் மட்டும். பிரிச்சதை ஈரத்துணி சுத்தி நானே ஓட்டிப்பேன், தினம் வந்து கதவைத் தட்ட மாட்டேன். அவங்க காசு வாங்கல, நானா வாரம் ரெண்டு தடவை பாத்திரம் தேச்சுக் குடுத்தேன். உங்களுக்கும் செய்வேன். அதுக்காகச் சொல்லல... சரி, அதுக்காகவுந்தான் சொல்றேன்.

ஒண்ணே ஒண்ணு. ஊருக்குக் கீருக்குப் போனா சுவிட்சை அமத்திடாதீங்க. அமத்தறதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க, நடுராத்திரின்னாலும் வந்து எடுத்துக்கறேன்.

டீச்சரம்மா அமத்திட்டாங்க. பாவம், வேணும்னு இல்ல. அக்காவுக்கு முடியலன்னு போன் வந்துச்சு, பதட்டத்துல எல்லாத்தையும் அமத்திப் பூட்டிட்டு ஓடினாங்க. ஒம்பது நாளு, கொளுத்தற வெயிலு. திரும்பி வந்து திறந்தா உள்ள இருந்ததெல்லாம் அழுகிக் கிடக்கு. ஓடி வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. மருந்து கெட்டிருக்கும், தூக்கிப் போட்டுடுங்க, வேற இருக்குல்லன்னு கேட்டாங்க. இருக்குன்னுட்டேன். இல்லன்னா, இந்த வம்பே வேணாம், இனிமே இங்க வெக்காதீங்கன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம்.

இல்லம்மா, தூக்கிப் போடல.

வீட்டுல இருந்த பாட்டில் அன்னைக்குத்தான் தீந்துச்சு. சம்பளத்துக்குப் பதினேழு நாள் கெடக்கு. கையில வெச்சு உருட்டிப் பாத்தேன். நல்ல மருந்துன்னா பால் மாதிரி கலங்கணும் அது. கண்ணாடியில திரிதிரியா ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. பாத்துட்டுத்தான் அவருக்கு ஊசி போட்டேன். பதினேழு நாள், ரெண்டு வேளை. புது பாட்டில் வந்தா அவரு வெளையாட்டா கன்னத்துல வெச்சுப் பாப்பாரு, ஜில்லுன்னு இருக்கான்னு. அதுக்காக ஐஸ் கட்டி வாங்கி, அதுல கொஞ்ச நேரம் போட்டு வெச்சு எடுத்துக் குடுத்தேன்.

அப்பத்தான் அவருக்கு பெயிண்ட் டப்பா மூடி கால்ல கீறியிருந்துச்சு. இத்துனூண்டு புண்ணு. மூணாவது வாரம் வெரலெல்லாம் கருத்துப்போச்சு.

டாக்டர் கேட்டாரு, ஊசி ஒழுங்காப் போட்டீங்களான்னு. நான் வாயத் திறக்கறதுக்குள்ள இவரு முந்திக்கிட்டாரு. என் பொண்டாட்டி ஒரு வேளை தவறவிட்டதில்ல சார்னு. அப்படின்னா அளவு பத்தலன்னு டாக்டர் கூட்டி எழுதிட்டாரு. முன்னல்லாம் ஒரு பாட்டில் போதும், இப்ப ரெண்டு.

அவருக்குத் தெரியாது. இன்னும் அதையேதான் பாக்கறவங்ககிட்டல்லாம் சொல்லிக்கிட்டிருக்காரு, என்னமோ நான் பெரிய மெடல் வாங்கினவ மாதிரி. உங்ககிட்டயும் சொல்லுவாரு. சொன்னா, ஆமான்னு தலையாட்டிடுங்கம்மா.