கீழ்ச்சுரத்துக்கு ஓர் இடம்

சுவாமி, பேஸ் கிற்றாரின் கம்பிகளை நான் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றிவிடுவேன். பழைய கம்பி முனகும்; புதிய கம்பி பேசும்.

தேவாலயப் பாடற்குழுவில் கீழ்க்குரல் பாடி வளர்ந்தவன் நான். கீழே நிற்பதே அனைத்தையும் தாங்குகிறது என்பதை அங்கே அறிந்தேன். பின்னர் கொட்டாஞ்சேனையில், சத்தம் வெளியே போகாதிருக்க மெத்தைகள் சாத்திய மேல்மாடி அறையொன்றில், மூவராக ஹெவி மெற்றல் இசை பழகினோம். ஹியூபேட் கிற்றார், கிளறன்ஸ் ட்ரம், நான் பேஸ். வெள்ளவத்தையில் ஒலிப்பதிவுக்கு ஒரேயொரு நாள் கிடைத்திருந்தது.

கனத்துக்குச் சத்தம் வேண்டுவதில்லை, சுவாமி, இடம் வேண்டும். என் ஒலியை இரண்டாகப் பிரித்தேன். அடிப்பாகத்தைத் தூயதாக விட்டு, மேற்பாகத்துக்கு மட்டும் கரகரப்பு ஏற்றினேன். ஆயினும் ஹியூபேட்டின் கிற்றார் என் இடத்திலேயே குடியிருந்தது.

“உன்ரை அம்பிளிபயரில அடிச்சத்தத்தைக் குறை, மச்சான். என்ரை பேஸ் கேக்கேல்லை.”

“பேஸோ? அது லொறி எஞ்சின் மாதிரியடா. ஓடினாச் சரி, ஆருக்குக் கேக்கோணும்?”

மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் சிரித்தான்.

ஞாயிறு முதற்பூசைக்கு அவன் கொச்சிக்கடைச் சரக்குக் கிட்டங்கிகளின் பின்வழியே நடந்து வருவான். ஒரு ஞாயிறு, பின்னாலிருந்து சாக்கை அவன் தலையில் மாட்டி, முழந்தாளிட வைத்தேன். குரலை மாற்றிச் சிங்களத்தில், “அத்த தியபங்,” என்றேன். இடக்கையைத் தட்டிக் காட்டினேன்; அதைக் கல்லின்மேல் வைத்தான்.

“அனே மாத்தயா, மம கிற்றார் கஹன்னே!”

கிற்றார் வாசிப்பவன் என்று சொன்னால் இரக்கம் பிறக்கும் என எண்ணினான் போலும். நான்கு விரல்களுக்குச் சுத்தியலால் ஐந்து அடி. மோதிர விரல் முதலடிக்கு இணங்கவில்லை. வலக்கையை நான் தொடவில்லை. சிலுவை அடையாளம் இட அது வேண்டுமல்லவா?

பொரளை ஆசுபத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். செய்தவர் யாரென்று எவரும் கேட்கவில்லை. ஆட்கள் காணாமற்போகும் காலத்தில் விரல்களைப் பற்றி யார் கேட்பார்? அவனுடைய தாய் மாக்ரெட் அன்ரி மட்டும் என் கைகளைப் பற்றிக்கொண்டு, “உயிரோடை விட்டாங்களே மகன், அந்தோனியாருக்குத் தோத்திரம்,” என்றார். நானும் தோத்திரம் சொன்னேன்.

குறித்த நாளில் கிளறன்ஸும் நானும் மட்டுமே போய்ப் பதிவு செய்தோம். இடி வயிற்றில் இறங்குவதுபோல் கனம். ஆனால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியே செவிக்கு வந்தது. நான் கண்ணீர் விட்டேன். ஒலிப்பதிவாளர் இப்றாஹிம் நானா இருமுறை போட்டுக் கேட்டார்.

“தம்பி, டோன் அருமை. ஆனா ஒவ்வொரு ட்ரம் அடிக்கும் நீங்க பிந்துறீங்க. கிற்றார் இருந்தா அதை மூடியிருக்கும். இப்ப அப்பட்டமாத் தெரியுது.”

ஹியூபேட்டின் விரல்களுக்காக மன்னிப்புக் கேட்கிறேன், சுவாமி. அதில் பகையில்லை, பொறாமையும் இல்லை. தெளிவு ஒன்றையே விரும்பினேன். அந்தப் பதிவை மூன்று நாள்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் பிந்தவில்லை. கிளறன்ஸின் கைகள்தாம் முந்துகின்றன.