அடுத்தவர் வரங்களையும் அள்ளிக் கொடுத்த எக்ஸ்ரே அண்ணனுக்கு

எலும்பை ஊடுருவும் இயந்திரத்தின் அருகே முப்பத்தோர் ஆண்டுகள் நின்று, எதிரே நின்றவரின் உள்ளத்தையும் உற்றுப் பார்த்த உத்தமரே! அஞ்சி வந்தவரை ஆற்றி, அழுது வந்தவரைச் சிரிக்கவைத்து, சிரித்தவரை "அசையாதீங்க!" என்று அதட்டிய அன்பரே! "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று ஓயாமல் சொல்லி, எங்கள் மிஷன் மருத்துவமனை முழுவதற்கும் மூச்சண்ணன் ஆனவரே! ஆண்டவரின் நாமத்தில் உங்களை வாழ்த்துகிறோம்.

இன்று ஓய்வு பெறுகிறீர்கள். போன வாரம் ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம் மனம்விட்டு ஒன்று சொன்னீர்களாம். ரகசியம் காக்கும் வரத்தை ஆண்டவர் அவருக்கு அருளவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "திங்கக்கிழமை காலைல எந்திரிச்சு நான் என்னய்யா பண்ணுவேன்? இனிமே நான் யாருக்கு வேணும்?" என்று கேட்டீர்களாம். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் உங்களுக்கு மாலை மட்டும் போட்டு அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

பயந்தவர் பக்கத்தில் நின்று ஜெபிப்பது உங்களுக்கு ஆண்டவர் தந்த வரம். அதில் நீங்கள் அளவு பார்த்ததே இல்லை. நெஞ்சுப் படம் எடுக்க வந்த கொத்தனாரை எப்படி மறப்போம்! "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றீர்கள். பிடித்தார். அவர் உடம்பு நடுங்குவதைக் கண்டு மனமிரங்கி, கதிர்த் தடுப்புக்குப் பின்னாலிருந்தே ஜெபிக்க ஆரம்பித்தீர்கள். அவருக்காக, அவர் மனைவி மக்களுக்காக, அவர் கட்டிய வீடுகளுக்காக, கட்டப்போகும் வீடுகளுக்காக! ஆமென் சொல்லி நிமிர்ந்தபோது கொத்தனாரின் முகம் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. புஸ்ஸென்று மூச்சை விட்டவர், "ஜெபம் நல்லாத்தான் இருந்துச்சு சார். அடுத்த தடவை மூச்சை விடச் சொல்லிட்டு ஆரம்பிங்க" என்றார். இத்தனைக்கும் நீங்கள் பட்டனை அழுத்தவே மறந்திருந்தீர்கள்.

உங்கள் வரத்தைக் கொடுப்பதோடு நீங்கள் நின்றிருந்தால் நாங்கள் நிம்மதியாக இருந்திருப்போம். எங்கள் வரங்களையும் எங்களைக் கேட்காமலே எடுத்துக் கொடுத்தீர்களே! நடைபாதையில் சீட்டியடித்த ஒரே குற்றத்துக்காக ஆய்வகத்துக்காரர் பாடகர் குழுவில் சேர்க்கப்பட்டார். பதிவேட்டின் பின்பக்கத்தில் பூனை வரைந்த வாட்ச்மேன், குழந்தைகள் வார்டின் சுவர் முழுக்கக் காடு வரைய நேர்ந்தது. அவருடைய ஒட்டகச்சிவிங்கிக்கு மாட்டு முகம்; பிள்ளைகளுக்கு அதைத்தான் பிடிக்கிறது. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணே?" என்று அவர் அங்கலாய்த்தார். "கேட்டா வேணாம்னு சொல்லிருப்பியே!" என்றீர்கள்.

உங்களுக்கு அடுத்த அறையில் பத்தொன்பது ஆண்டுகளாக அறிக்கைகளைத் தட்டச்சு செய்பவள்தான் இந்த மடலை எழுதுகிறேன். எனக்கென ஒரு பத்தி எடுத்துக்கொள்கிறேன். பதினோரு ஆண்டுகளாகப் பேசாத தன் அக்காவுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று ஒரு நோயாளி அம்மா உங்களிடம் சொன்னார். "பக்கத்து ரூம்ல நம்ம தங்கச்சி இருக்கு, பிரமாதமா எழுதும், போங்கம்மா" என்று அனுப்பிவிட்டீர்கள். "எனக்கு வேலை இருக்குண்ணே" என்றேன். "வேலை யாருக்குத்தான் இல்ல? ரெண்டே வரிம்மா" என்றீர்கள். அது நான்கு பக்கம் ஆனது. அன்று எனக்கு வந்தது கோபம் என்றுதான் பல நாள் நினைத்திருந்தேன். அது பயம். என்றாவது பெரிதாக எழுதுவதற்காக என் சொற்களைப் பத்திரப்படுத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு, யாரும் பார்த்துவிடாமல் ஒளித்துத்தான் வைத்திருந்தேன். கடிதம் போன மூன்றாம் நாள் அந்த அக்கா, தங்கையோடு தங்குவதற்கு மாற்றுத்துணிப் பையோடு வந்து நின்றார். நான் குளியலறைக்குப் போய் அழுதேன். சந்தோஷத்தில் பாதி, நீங்கள் சொன்னது சரியாகிப்போன எரிச்சலில் மீதி.

அண்ணா, உங்கள் கேள்விக்கு வருகிறோம். வரும் திங்கள் முதல், காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, எக்ஸ்ரேவுக்கும் ஊசிக்கும் பயப்படும் பிள்ளைகளோடு இருக்க நீங்கள் வருவீர்கள் என்று குழந்தைகள் வார்டில் வாக்குக் கொடுத்துவிட்டோம். உங்களைக் கேட்கவில்லை. கேட்டால், "மிஷின் இல்லாம எனக்கு என்ன தெரியும்?" என்பீர்கள். அண்ணியைக் கேட்டோம். "பன்னெண்டு வரைக்கும் போதுமா? நாலு மணி வரைக்கும் வச்சுக்கோங்களேன்" என்றார்கள்.

மாடிப்படி ஏற நல்ல மூட்டுகளையும், பிள்ளைகள் முகம் பார்க்கத் தெளிந்த கண்களையும், ஜெபத்தை நேரத்தோடு முடிக்கும் ஞானத்தையும் ஆண்டவர் உங்களுக்கு நெடுநாள் அருள்வாராக! அண்ணியும் நீங்களும் பல்லாண்டு சுகமாய் இருப்பீர்களாக!

திங்கட்கிழமை தாமதிக்க வேண்டாம். நான்கு வயதுப் பெண்குழந்தை ஒன்று ஊசிக்குப் பயந்து நேற்றிலிருந்து கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் எல்லோரும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டோம்.

நீங்கள் விட்டுவைக்காத,
உங்களை விடப்போவதும் இல்லாத
மருத்துவமனை ஊழியர்கள்