அண்ணன் கட்டிலுக்கு மேலே ஒரு மணி பிளாண்ட்

மணி பிளாண்டை வாங்கியது அண்ணன் விழுவதற்கு முன்பா, பின்பா என்பது எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள், நானும் இரண்டு விதமாகச் சொல்லிவிட்டேன். அதைப் பொய் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், மேடம். அறுபத்திரண்டு வயதில் தேதிகள் நழுவிவிடுகின்றன. வாங்கும்போது அதில் பதினொரு இலைகள் இருந்தன. கடைசி இலையின் ஓரம் லேசாகப் பழுத்திருந்தது. அது மட்டும் உறுதி.

நான் ஒரு நூலகத்தின் வாசிப்புக்கூடத்தை முப்பத்தொரு வருடம் கவனித்துக்கொண்டேன். யாரும் பேசாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். அண்ணன் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான். எனக்கு வரவேண்டிய பங்குக் குரலையும் சேர்த்து அவரே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார் போலிருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் அவர் அறிவிப்பை நிறுத்தவில்லை. சாப்பிட உட்கார்ந்தால், "தட்டு எண் ரெண்டு இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்" என்பார். நான் சிரிக்காவிட்டால், "ஏன்டா கோட்டான், சிரிச்சா பல்லு கொட்டிருமா?" என்பார். அண்ணி இறந்து, அவர்கள் மகள் வேலைக்காக வெளிநாடு போன பிறகு, அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண்ணிடம் பேசியாக வேண்டும் என்று சொன்னார்கள்.

ஒரு நாள் காலை குளியலறையில் அண்ணன் விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. மருத்துவமனையிலிருந்து அவரைக் கொண்டுவந்து படுக்கவைத்த அன்று, கூடத்தில் கடிகாரம் ஓடும் சத்தத்தை முதன்முறையாகக் கேட்டேன். சந்தோஷப்பட்டேன் என்று நான் சொல்லவில்லை. கடிகாரத்தைக் கேட்டேன் என்று மட்டும் சொல்கிறேன்.

அவர் அறைக்குக் கிழக்கே ஒரு பெரிய ஜன்னல். என் அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். தொங்கும் செடிகளுக்குக் காலை வெயில்தான் உகந்தது. கண்ணாடி வழியே சலித்து வர வேண்டும், சுடக் கூடாது. ஆகவே செடிகள் அண்ணன் அறைக்குப் போயின. இதில் சதி எதுவும் இல்லை, ஒளி எங்கே விழுந்ததோ அங்கே மாட்டினேன். ஜன்னல் கம்பியில் இரண்டு ஸ்பைடர் பிளாண்ட், ஓரத்தில் ஒரு பெரணி. ஒன்று கண்ணுக்கு மேலே, ஒன்று கண்ணுக்கு நேரே, ஒன்று அதற்குக் கீழே. எல்லாத் தொட்டிகளையும் ஒரே உயரத்தில் வரிசையாக மாட்டுகிறவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை.

வாரம் மூன்று நாள் ஒரு பிசியோ பெண் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே பேச ஆரம்பிக்கும் ரகம். எலக்ட்ரீஷியனை அழைத்து, கட்டிலுக்கு நேர் மேலே காங்கிரீட் பீமில் துளை போட்டு ஒரு தடித்த கொக்கியைப் பொருத்தச் செய்தாள். அதிலிருந்து ஒரு கயிறு. கயிற்றின் நுனியில் மர வளையம்.

"ஐயா, இடது கையால இதைப் பிடிங்க. அப்படியே இழுத்து எந்திரிங்க. பஸ்ஸுல தொங்கிட்டு வர்றவங்கள எத்தனை பேரைப் பாத்திருப்பீங்க, நீங்க தொங்க மாட்டீங்களா?"

அண்ணனின் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. அவள் என்னிடம் திரும்பினாள்.

"சார், நான் வர்றது கொஞ்ச நேரம்தான். மத்த நேரமெல்லாம் இந்தக் கயிறுதான் டாக்டர். தினமும் நாலு தடவை இழுக்கணும். அப்புறம், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைங்க. இல்லன்னா முதுகுல புண்ணு வந்துரும். வந்தா ஆளையே சாப்பிட்டுரும். மறந்துராதீங்க."

நான் எதையும் மறப்பதில்லை, தேதிகளைத் தவிர.

அண்ணன் மகள் ஞாயிறுதோறும் வீடியோவில் வருவாள். "அப்பா, நாலு மாசத்துல லீவு கிடைச்சிரும். நான் வர்றப்ப நீங்க நாற்காலியில உக்காந்திருக்கணும். ஓடி வந்து பெட்டியத் தூக்குங்கன்னா சொல்றேன்? உக்காந்தா போதும்." அதன் பிறகு அண்ணன் நாளுக்கு நாலு தடவை இழுக்கவில்லை. பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை இழுத்தார். அவள் வரும் நாளில் நாற்காலியில் இருக்க வேண்டும், அவருக்கு வேறு எண்ணமே இல்லை. அந்த வளையம் கட்டில் சட்டத்தில் இடிக்கும் சத்தம் நாள் முழுவதும் கேட்கும். ஆறாவது வாரம் அவருடைய தோள்கள் மெத்தையை விட்டு எழுந்தன. அன்றைக்கே அவர் என்னைப் பார்த்து, வாயைக் கோணிக்கொண்டு, "கோ... கோட்டான்" என்றார்.

பிசியோ பெண் கைதட்டினாள். "பேச்சு வந்துருச்சு சார். இனிமே ஐயாவ நிறுத்த முடியாது."

நான் ஸ்பிரே புட்டியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன்.

அந்த வாரம்தான் அண்ணன் மகள் எங்கள் செடிகளின் படத்தை எதிலோ போட, வீட்டு அலங்காரப் பத்திரிகை ஒன்றிலிருந்து புகைப்படக்காரர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"பிரமாதம் சார். இந்தக் கயிறு மட்டும் என்னவோ தூக்குக் கயிறு மாதிரி தொங்குது. எடுத்துரலாமா? கட்டிலையும் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிட்டா நல்லாருக்கும்."

"கட்டில்ல ஆள் இருக்காரு" என்றேன்.

"பரவாயில்ல சார், அவர் ஃபிரேம்ல வர மாட்டார்."

கயிற்றை அவிழ்த்தேன். வெறும் கொக்கி அதைவிட அசிங்கமாக இருந்தது. தரையில் வைத்திருந்த மணி பிளாண்ட் அதற்குள் பெரிதாகியிருந்தது. ஈர மண்ணோடு ஒன்பது கிலோ. ஜன்னல் கம்பி அதைத் தாங்காது. இந்தக் கொக்கியோ ஒரு முழு மனிதரைத் தாங்கச் செய்தது. உறியில் வைத்து மாட்டினேன். கொடிகள் நான்கு பக்கமும் வழிந்தன. அந்த அறை அதற்காகவே கட்டப்பட்டது போல இருந்தது. "மூச்சு விடும் அறை" என்று தலைப்புப் போட்டு அரைப் பக்கத்துக்கு வெளியிட்டார்கள்.

மாலையில் பழையபடி மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். கட்டிலை மட்டும் பழைய இடத்துக்குத் தள்ளினேன். மறுநாள் காலை வெயில் அந்த இலைகளுக்குள் புகுந்து வந்ததை நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் மாற்றியிருக்க மாட்டீர்கள். வளையத்தின் சத்தமும் இல்லை. நான் அன்று நூற்றிருபது பக்கம் படித்தேன்.

பிசியோ பெண்ணுக்குப் போன் செய்து, அண்ணனை மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று சொன்னேன். சொன்ன பொய் அது ஒன்றுதான். அவளுக்கு வருத்தம். "சொல்லாமப் போயிட்டாரே. விசாரிச்சதா சொல்லுங்க சார். கயித்தை மட்டும் விட்டுர வேணாம்னு சொல்லுங்க" என்றாள். சொன்னேன், வார்த்தை மாறாமல். அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு கொக்கியைப் பார்த்தார்.

மகளிடம் பிசியோ முழு ஓய்வு எடுக்கச் சொன்னதாகச் சொன்னேன். இதையும் சேர்த்தால் இரண்டு பொய். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தூங்குகிறார் என்று போனைச் செடிகள் பக்கம் திருப்பினேன். "சித்தப்பா, காடு மாதிரி இருக்கு. அப்பாவுக்கு நல்ல காத்து" என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதற்கு அண்ணன் வயிற்றின் மேல் ஒரு தட்டு வைத்தேன். ஆடாத இடம் என்பதால் வசதியாக இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் தொட்டியைக் கால் சுற்றுத் திருப்புவேன். எல்லாப் பக்கமும் ஒளி பட்டால்தான் செடி கோணாமல் வளரும். என் நோட்டில் "திருப்பினேன்" என்று பதினான்கு இடத்தில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, அண்ணனைத்தானே என்று கேட்டீர்கள். கேட்கும்போது உங்கள் முகத்தில் ஒரு நம்பிக்கை தெரிந்தது. இல்லை மேடம், தொட்டியைத்தான்.

மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன். கொடிகள் அவர் மார்புவரை இறங்கிவிட்டிருந்தன. நான் பக்கத்தில் நாற்காலியில் படித்துக்கொண்டிருந்தேன். தட்டு விழுந்த சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். அண்ணன் மூன்று கொடிகளைச் சேர்த்து இடது கையில் சுற்றிக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தார். முதுகு முழுவதும் மெத்தையை விட்டு எழுந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்து, முகமெல்லாம் வியர்வை. கிட்டத்தட்ட உட்கார்ந்துவிட்டார்.

"க... கயிறு" என்றார். "கயிறு குடுடா."

தெளிவாகத்தான் சொன்னார். நிலைய அறிவிப்பில் பாதி கூட அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. பிறகு கொடிகள் அறுந்தன. அவர் பின்னால் சாய்ந்தார். அறுந்தவற்றில் நீளமான கொடியில் முப்பத்துநான்கு இலைகள். நான் அவற்றைக் கணு கணுவாக வெட்டித் தண்ணீரில் போட்டேன். பெரும்பாலானவை வேர் விட்டன.

தொட்டியை இன்னும் உயரத்தில் மாட்டியிருக்கலாமே என்கிறீர்கள். மாட்டியிருந்தால் மூன்று உயரங்களின் ஒழுங்கு கெட்டிருக்கும். ஆகவே அவர் இடது கையைக் கட்டிலின் பக்கச் சட்டத்தோடு கட்டினேன். இறுக்கிக் கட்டவில்லை. பழைய பருத்தித் துணியைக் கிழித்து, இளந்தண்டை முட்டுக்கோலோடு கட்டுகிற மாதிரி எட்டு வடிவில், இடையில் ஒரு விரல் போகும் அளவு இடம் விட்டுக் கட்டினேன். மணிக்கட்டில் தழும்பு இருந்ததாக மருத்துவர் எழுதியிருக்கிறார். அவர் இழுத்ததால் வந்தது அது.

பிறகு அண்ணன் அமைதியாகிவிட்டார். கண்ணீர் வரும், துடைத்துவிடுவேன். அறையில் ஒரு வாடை வந்தது. வேர் அழுகல் என்று நினைத்து இரண்டு தொட்டிகளுக்கு மண் மாற்றினேன். வாடை போகவில்லை. போர்வையைத் தூக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அப்புறம் ஜுரம் வந்தது. செடிகளுக்கு ஈரமான காற்று பிடிக்கும் என்பதால் அந்த அறையில் மின்விசிறியை நான் போடுவதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் இறந்திருந்தார். இலைகளுக்கெல்லாம் தண்ணீர் தெளித்து முடித்த பிறகுதான் கவனித்தேன். அன்றைக்கும் தொட்டியைத் திருப்பினேன், நோட்டில் இருக்கிறது.

மகள் தன் லீவுக்குப் பதினேழு நாள் முன்னதாக வந்தாள். அதுவரை உடலை மருத்துவமனைச் சவக்கிடங்கில் வைத்திருந்தார்கள். காலியான கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"சித்தப்பா, அப்பா என்னைக் கேட்டாரா?"

நான் மணி பிளாண்டில் பழுத்த ஓர் இலையைக் கிள்ளினேன். துக்கத்தில் வாயடைத்துப்போயிருக்கிறேன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று என்னிடமே எண் வாங்கி, பிசியோ பெண்ணுக்குப் போன் செய்தாள். நான் எண்ணை மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

நேரடியாகக் கேட்டீர்கள், நேரடியாகச் சொல்கிறேன். ஆமாம், நான்தான். திருப்பாவிட்டால் புண் வரும் என்று தெரியும், புண் ஆளைச் சாப்பிடும் என்று தெரியும். கையைக் கட்டினால் எழமாட்டார், எழுந்தால் பேசுவார் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் ஏழு வாரம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். ஆனால் அவரை ஒரு நாளும் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

அண்ணன் போய்விட்டார். அவர் மகள் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டாள். என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவதில்லை, "அந்த ஆள்" என்கிறாள். பிசியோ பெண் இப்போது எந்த நோயாளியைப் பற்றியும் வீட்டாரின் போன் பேச்சை நம்புவதில்லையாம், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாளாம். புகைப்படக்காரருக்கு அந்தப் படத்துக்காகப் பாராட்டுக் கிடைத்தது. நான் இங்கே இருக்கிறேன்; அமைதியான இடம்தான், வெளிச்சம் மட்டும் போதாது. வீட்டைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டீர்கள். செடிகள் அத்தனையும் மூன்றே வாரத்தில் காய்ந்துபோயினவாம். பூட்டிய அறைக்குள் உயிரோடு இருந்தவற்றைத் தண்ணீர் ஊற்றாமல் சாகவிட்டிருக்கிறார்கள், அதற்கு இதுவரை யார் மீதும் வழக்கு இல்லை.