கலசம் கவிழ்ந்த செவ்வாய்

ஓடுகிறோம். பின்னால் இயந்திரம். கடகடகட. நிற்கிறது. மறுபடி கடகடகட. கோயில் அரசமரத்தின் வேர் முறிகிறது. பட். பட்.

"ஓடுங்கண்ணே! மரம் சாயுது! ஓடுங்க!"

பூசாரி கத்துகிறார். செவ்வாய்க்கிழமை காலை. தைப்பூசம் முடிந்த வாரம். லூனாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம். நிலம் கைமாறிவிட்டது. மாரியம்மன் கோயிலை இடிக்கிறார்கள். மதியம்வரை பொறுப்பதாகச் சொன்னவர்கள்தான். காலையிலேயே வந்துவிட்டார்கள், பாவிகள்.

எனக்கு முன்னால் என் கணவர் மாணிக்கம். தலையில் கலசம். சிலையில் இருந்த அம்மனை மந்திரம் சொல்லி அதிலிருந்த தண்ணீரில் இறக்கியிருந்தார் பூசாரி. புது இடம் போய்ச் சேரும்வரை அது தரையில் படக்கூடாது. மழையில் ஊறின செம்மண். அவர் கால் வழுக்கியது. டங். ஒரே சத்தம். தண்ணீரை மண் குடித்துவிட்டது.

மரம் அவர் மேல் விழவில்லை. விழுந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

நாங்கள் குடிபெயர்ந்த தாமான் குடியிருப்பில் புதுக் கோயில். பூசாரி வேறு கலசம் வைத்துப் பூசை செய்தார். ஆத்தா வந்துவிட்டாள் என்றார். நான் நம்பினேன். எனக்கு அவள் தாய். திட்டுவாள், சோறும் போடுவாள். தினமும் அவளோடு சண்டை போட்டுக்கொண்டேதான் விளக்கேற்றுவேன். என் கணவர் அப்படி இல்லை. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். அதட்டி வேலை வாங்கும் மண்டோர் முன்னால் நிற்கிற கூலியாள் மாதிரித்தான் அவள் முன்னால் நிற்பார். இருவருக்கும் ஒரே அம்மன்தான்.

விழுந்ததில் பாதத்தில் ஒரு கீறல். இனிப்புநீர் உடம்பு, சர்க்கரை வியாதி. கீறல் புண்ணானது. கிளினிக் மாத்திரையைத் தொட மறுத்தார்.

"ஆத்தா குடுத்த தண்டனடி. மாத்திர போட்டு தடுத்தா இன்னும் கோவம்தான் வரும்லா."

"ஆத்தாவுக்கு வேற வேல இல்லையா? உங்க கால புடிச்சி தொங்கிக்கிட்டா இருக்கா?"

கத்தினேன். ஜித்ராவிலிருந்து மகள் வந்து காலில் விழுந்து அழுதாள். அவர் அசையவில்லை.

கால் கறுக்கிறது. அறையெல்லாம் நாற்றம். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். மன்னிப்புக் கேட்கிறார். விடிந்தால் கேட்கிறார், இருட்டினால் கேட்கிறார். மன்னித்துவிட்டாள் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. நினைவு தப்பிய பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்ற முடிந்தது. ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள். விஷம் அதற்குள் மேலே ஏறிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மூச்சு நின்றது. பயந்துகொண்டே செத்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

யாரும் மறக்கக் கூடாது. அதனால் சொல்லி வைக்கிறேன். போனவை இவை. ஒரு கோயில். ஓர் அரசமரம். எங்கள் லயத்து வீடுகள். மாணிக்கம், செம்பனைக் குலை வெட்டியவர், என் கணவர்.

இப்போதும் தாமான் கோயிலுக்குப் போகிறேன். ஆத்தாவோடு சண்டை போடுவதில்லை. கூலியாள் மாதிரி எட்டி நின்று கும்பிடுகிறேன். அவர் பார்த்த அம்மனைத்தான் நானும் பார்க்கிறேன். போனவற்றோடு, எனக்குத் தாயாக இருந்த அவளையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.