காற்றுக்கு வல்லின றகரம்

உங்கள் பொலிஸ் நிலைய வாசல் பலகையில் ‘முரைப்பாடு’ என்று எழுதியிருக்கிறது, தம்பி. பார்த்துக்கொண்டுதான் உள்ளே வந்தேன். மேலே சிங்களம் சரியாக இருக்கிறது, கீழே ஆங்கிலம் சரியாக இருக்கிறது, நடுவில் தமிழ் மட்டும் வழக்கம்போல. நீங்கள் எழுதியதல்ல என்று தெரியும். ஆனாலும் நீங்கள் தமிழில் படித்த பிள்ளை, தினமும் அதற்குக் கீழால்தான் வந்து போகிறீர்கள். ‘முறை’ என்பதற்கு வல்லின றகரம் என்று யாரிடமாவது சொல்லியிருக்கலாம். இரண்டு பேர் கடலில் போன விஷயத்தை விசாரிக்கக் கூப்பிட்டால் இந்த மனிதர் பலகையைப் பற்றிக் கதைக்கிறாரே என்று நினைக்க வேண்டாம். நான் விஷயத்துக்குத்தான் வந்திருக்கிறேன்.

என் பெயர் ஸலாஹுதீன். தமிழ் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். புத்தகத் தமிழில் கதைக்கிறேன் என்று சிரிக்காதீர்கள், எனக்கு இதுதான் வரும். ஊர் பள்ளிவாசல்துறை என்று எழுதிக்கொள்ளுங்கள்; பிறந்தது யாழ்ப்பாணம். தொண்ணூறில் இயக்கத்துக்காரர்கள் முஸ்லிம்களாகிய எங்களை ஊரைவிட்டு அனுப்பியபோது வீதியில் நிறுத்திச் சோதித்தார்கள். உம்மாவின் காப்பைக் கழற்றினார்கள், என் கைக்கடிகாரத்தைக் கழற்றினார்கள். வாய்க்குள் இருந்த தமிழை மட்டும் விட்டுவிட்டார்கள். இங்கே வந்து ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில் எங்களுக்குப் பெயர் இல்லை. கிணற்றடியில் அகதி, கடையில் அகதி, பஸ்ஸில் அகதி. வெண்கட்டியைக் கையில் எடுத்த பிறகுதான் நான் ‘சேர்’ ஆனேன்.

இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. எழுத்து எனக்கு என்ன என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஊரின் வட்ஸ்அப் குழுவைத் தொடங்கியவன் ஃபாஹிம். என்னிடம் படித்தவன். மீன்பிடிக்கப் போன பிறகும் எழுத்தை விடாதவன். ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்பதை முழுமையாக எழுதி, கேள்விக்குறியைக் கேள்விக்கு மட்டும் போடுகிறவன். அவன்தான் வீட்டுக்கு வந்து, “சேர், நீங்க நிர்வாகியா இருந்தா எல்லாரும் ஒழுங்கா எழுதுவாங்க” என்று சொல்லி, மற்றவர்கள் போட்ட செய்தியை எல்லோருடைய கைபேசியிலிருந்தும் எப்படி அழிப்பது என்று காட்டித் தந்தான். விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டியதுதான். அழித்த இடத்தில், இதை நிர்வாகி அழித்தார் என்று ஒரு வரி மட்டும் நிற்கும்.

குழுவில் மௌத்துச் செய்தி வரும், கல்யாண அழைப்பு வரும், மின்வெட்டு வரும். கடல் செய்தியும் வரும். வெளிக்கடலில் இருப்பவர்கள் காற்று எப்படி, நீரோட்டம் எப்படி என்று போடுவார்கள். இறங்கப் போகிறவர்கள் கரையில் நின்று குழுவை ஒருமுறை பார்த்துவிட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி வள்ளத்தைத் தள்ளுவார்கள். வானொலி சொல்வதைவிட இதைத்தான் நம்பினார்கள். எனக்கு இது தெரியும். தெரியாது என்று நான் எங்கும் சொல்லவில்லை.

நான் ஒரு விதி போட்டேன். பிழையோடு வரும் செய்தி அழிக்கப்படும், திருத்தி மீண்டும் போடலாம், குரல் பதிவு கூடாது. சிலர் முணுமுணுத்தார்கள். இதென்ன பரீட்சையா, வாயால் கதைப்பதைத்தானே விரலால் கதைக்கிறோம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டு வாசலில் சாரத்தோடு நிற்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அதற்காகச் சாரம் இல்லாமல் நிற்கலாமா? சாதாரணமாக எழுதுவது வேறு, பிழையாக எழுதுவது வேறு. புத்தகத்தை இப்போது யார் திறக்கிறார்கள்? ஒரு பிள்ளை ஒரு நாளில் பார்க்கும் தமிழெல்லாம் கைபேசித் தமிழ்தான். அங்கே கெட்டால் எங்கேயும் கெட்டதுதான்.

இனி சுல்பாவுக்கு வருகிறேன். கடலுக்குப் போகும் ஸியாதின் மனைவி. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள், குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியவள். எழுதத் தொடங்கினால் நிறுத்த மாட்டாள். காலையில் கண்ட கனவு, மத்தியானம் காய்ச்சிய ஆணம், எல்லாம் குழுவுக்கு வந்துவிடும். “இன்டைக்கு எங்கட ஊட்டு பூனய கானல” என்று ஒரு நாள் போட்டாள். ஐந்து சொல்லில் எத்தனை பிழை என்று நீங்களே பாருங்கள். நான் அழித்துவிட்டு, ‘இன்றைக்கு, வீட்டு, பூனையை, காணவில்லை’ என்று திருத்திப் போட்டேன். “சேர், பூனய தேடி தாங்க, எழுத்த பொறகு தேடுவம்” என்று பதில் வந்தது. குழு முழுவதும் சிரித்தது. அதையும் அழித்தேன். கீழே வரிசையாக வந்த சிரிப்பு முகங்களை ஒன்றும் செய்ய முடியவில்லை. அவற்றில் எழுத்து இல்லை, பிழையும் இல்லை.

‘காற்று’ என்பதைக் ‘காத்து’ என்று எழுதாதீர்கள், காத்து என்றால் பாதுகாத்து என்று பொருள் என ஒருமுறை விளக்கினேன். “அப்ப நீங்க காற்று வாங்குங்க சேர், எங்களுக்கு காத்து காணும்” என்றாள். அந்தச் சொல்லை மட்டும் என்னைப் பார்த்துச் சரியாக எழுதியிருந்தாள், கேலிக்கு. மற்றபடி எதற்கும் அவளிடம் ஒரே பதில்தான், விளங்கினால் போதுமாம். “விளங்கிச்சா இல்லயா சேர்? விளங்கினா காணும்தானே.” பிறகு எல்லோரும் அதைச் சொல்லத் தொடங்கினார்கள். கடையில் மிச்சக் காசு குறைத்துத் தருகிறவன்கூட, விளங்கினா காணும்தானே சேர் என்றான்.

நோன்புப் பெருநாளன்று அவள் எனக்கு ஒரு பட்டம் வைத்தாள். ‘அகராதி சேர்’ என்று எழுத நினைத்தாளாம். விளையாட்டுத்தான், பிரியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் விரல் ஓர் எழுத்தைத் தாண்டிவிட்டது. ‘எங்கட அகதி சேருக்கும் பெருநாள் வாழ்த்து’ என்று வந்து நின்றது. என் பிள்ளைகள் இருக்கும் குழு, என் மருமக்கள் இருக்கும் குழு. நான் பார்ப்பதற்கு முன்பே ஊர் பார்த்துவிட்டது, சிரித்தும் விட்டது. பெருநாள் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன், தம்பி, கை சோற்றில் போகவில்லை. வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் இவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தும் நான் இன்னும் கிணற்றடியில்தான் நிற்கிறேன் என்று தோன்றியது.

பின்னேரமே வட்டலப்பத்தோடு வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டாள். அழுதும் விட்டாள். “ரா விட்டுப் போச்சு சேர். ஒரு எழுத்துத்தானே. நான் என்ன சொல்ல வந்தேண்டு உங்களுக்கு விளங்கிச்சுத்தானே” என்றாள். ‘ஒரு எழுத்து’ அல்ல, ‘ஓர் எழுத்து’ என்றேன். வட்டலப்பத்தை வாங்கிக்கொண்டேன். என் மனைவி கமறியாவிடம் கேட்டுப் பாருங்கள், நான் எதையும் மனதில் வைத்திருக்கிற ஆள் இல்லை.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். சோளகக் காற்று வீசும் காலம், ஆனால் காலையிலிருந்து கடல் அமைதியாக இருந்தது. மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வந்து சாய்மனைக் கதிரையில் இருந்தேன். சுல்பாவின் செய்தி வந்தது. “வெளிகடல்ல காத்திருக்கு யாரும் எரங்க வேனாம்.”

இறங்க இல்லை, ‘எரங்க’. மூன்று சுழி ணகரம் இல்லை. ‘காத்து இருக்கு’ என்று பிரித்துக்கூட எழுதவில்லை. தமிழ் தெரிந்தவர் இதை எப்படி வாசிப்பார்? வெளிக்கடலில் ஏதோ காத்திருக்கிறது. என்ன காத்திருக்கிறது? கப்பலா, சுறாவா, ஜின்னா? பள்ளிவாசல் நிர்வாகத்தினர் விசாரித்தபோது இதைத்தான் சொன்னேன். அவர்களும் தலையாட்டினார்கள்.

அழித்தேன். மறுபடி போட்டாள், அதே வரி, அதே பிழை. மறுபடி அழித்தேன். பிறகு குரல் பதிவு வந்தது. விதிப்படி கேட்காமலே அழித்தேன். அதன் பிறகு, நிர்வாகி மட்டும் எழுதலாம் என்று குழுவை மாற்றி வைத்தேன். அவளுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினேன், மரியாதையாகத்தான். ‘காற்றுக்கு வல்லின றகரம். திருத்தி எனக்கு அனுப்புங்கள், நானே குழுவில் போடுகிறேன்.’ போட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். அவளும் முயற்சி செய்தாள், அதை மறைக்க மாட்டேன். ‘காற்ரு’ என்று அனுப்பினாள். ‘கார்று’ என்று அனுப்பினாள். பிறகு ‘சேர் அல்லாக்காக’ என்று மட்டும் அனுப்பினாள். கேலிக்கு எழுதத் தெரிந்த சொல், தேவைக்கு வரவில்லை. நான் காத்திருந்தேன்.

அவளுடைய புருஷன் ஸியாத் வெளிக்கடலில் காற்றில் அகப்பட்டுத் திரும்பும் வழியில் அவளுக்குப் போன் எடுத்து, குழுவில் போடு என்று சொல்லியிருக்கிறான். அதோடு அவனுக்குச் சிக்னல் போய்விட்டது. ஃபாஹிமுக்கு அவள் நேரே சொல்லியிருக்கலாமே என்று நானும் கேட்டேன். போன் எடுத்தாளாம், அவன் வேறு யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தானாம். பிறகு கரைக்கு ஓடியிருக்கிறாள். போய்ச் சேர்ந்தபோது வள்ளம் கண்ணுக்குத் தெரிந்தது, கத்தினால் கேட்காத தூரம். ஃபாஹிமும் அவனோடு தொழிலுக்குப் போகும் முத்தலிபும் இருந்தார்கள். இவள் முக்காட்டைக் கழற்றி வீசிக் காட்டியிருக்கிறாள். வழியனுப்புகிறாள் என்று நினைத்து ஃபாஹிம் திரும்பிக் கை காட்டினான் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

முத்தலிபின் மையித்து மறுநாள் கரை ஒதுங்கியது. ஃபாஹிம் இன்னும் கிடைக்கவில்லை.

ஜனாஸா அடக்கம் முடிந்து ஸியாத் என் முற்றத்தில் வந்து நின்றான். அடிக்க வந்தான் என்றுதான் நினைத்தேன். “ஒரு எழுத்துக்கு ரெண்டு உசுரா சேர்?” என்று மட்டும் கேட்டான். திருத்த வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். எனக்கும் இடம் பொருள் தெரியும். இப்போது ஊரார் வேறு குழு தொடங்கியிருக்கிறார்கள். அதற்குப் பெயர் ‘காத்து’. ஆளுக்கு ஆள் நினைத்தபடி எழுதுகிறார்களாம். பழைய குழுவில் நான் மட்டும்தான் இருக்கிறேன். அதில் ஒரு பிழைகூட இல்லை.

இனி, நீங்கள் மேசையில் எடுத்து வைத்திருக்கும் என் கைபேசிக்கு வருகிறேன். ஃபாஹிமின் மனைவி ஸஃப்னா முறைப்பாடு செய்தது அதில் இருக்கும் ஒன்றுக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். அவன் இறங்கும் முன் கரையில் நின்று எனக்குத் தனியாக எழுதினான். ‘அஸ்ஸலாமு அலைக்கும் சேர். சுல்பா தாத்தா போட்டதை அழித்திருக்கிறீர்கள். கடல் விஷயமா?’ அக்காவைத் தாத்தா என்பது எங்கள் வழக்கு; ஒரு பிழை இல்லை. வாசிக்க எனக்குப் பெருமையாக இருந்தது. நான் பதில் எழுதினேன். ‘வஅலைக்கும் ஸலாம். ஒன்றுமில்லை. வழக்கமான எழுத்துப்பிழைதான்.’ ‘நன்றி சேர்’ என்று அனுப்பிவிட்டு அவன் வள்ளத்தைத் தள்ளினான்.

அது பொய் இல்லை, தம்பி. எழுத்துப்பிழை இருந்தது. எந்தச் சட்டத்தில் என்னைப் பிடிப்பது என்று உங்கள் பெரியவர் உள்ளே புத்தகம் புரட்டுகிறார், புரட்டட்டும். ஃபாஹிமுக்காக நான் அழுதேன். என் மாணவர்களில் அவனைப்போல எழுதியவன் இல்லை. விதிக்காக நான் வருந்தவில்லை. நாளைக்கு அதே வரி வந்தாலும் அதையேதான் செய்வேன்.

பேனாவை வைத்துவிட்டு இப்போது கேட்கிறீர்கள், “அந்த மெசேஜ் உங்களுக்கு விளங்கிச்சா சேர்?” என்று. பள்ளிவாசலில் இதை யாரும் கேட்கவில்லை. ஜின்னோடும் சுறாவோடும் விட்டுவிட்டார்கள். நீங்கள் நன்றாகப் படித்திருக்கிறீர்கள்.

ஓம், விளங்கியது. வாசித்த உடனே யன்னலால் பார்த்தேன், தென்னை ஓலைகள் அப்போதே ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன. விளங்காமல் இருந்திருந்தால் அவளிடம் என்னவென்று கேட்டிருப்பேன், நான் அவ்வளவு கெட்டவன் இல்லை. அதை விட்டு வைத்திருந்தால் ஃபாஹிம் வாசித்திருப்பான். வாசித்துவிட்டுக் கரையிலேயே நின்றிருப்பான். விளங்கினால் காணும் என்பது அன்றோடு ஊருக்குச் சட்டமாகியிருக்கும். அத்தனை பிழையோடும் அது அவ்வளவு தெளிவாக விளங்கியது, தம்பி. அதனால்தான் அழித்தேன்.