கவசக் குதிரைகளின் காலடி மண்

நல்ல மண் கிடைப்பதுதான் கஷ்டம், இன்ஸ்பெக்டரம்மா. பிளாஸ்டிக் சிப்பாய் சுண்டுவிரல் உயரம்தான் இருப்பான். மீசை வரைந்துவிடலாம், பொத்தானுக்குப் பித்தளை நிறம் ஏற்றிவிடலாம். ஆனால் அவன் நிற்கிற தரை தரையாகத் தெரிய வேண்டும். ஆற்றுமணலை ஒட்டினால் ஒவ்வொரு பருக்கையும் பாறாங்கல் மாதிரி இருக்கும். மேசைமேல் பொம்மைப் படைகளை மோதவிடும் எங்கள் நாட்டிங்ஹாம் போர் விளையாட்டுச் சங்கத்தில் டெரன்ஸ் என்றொருவர் காய்ந்த தேயிலைத்தூளை ஒட்டினார். பூஞ்சை பிடித்து, ஒரு போரும் பார்க்காமல் அவருடைய படை மொத்தமும் அழிந்தது.

என் மனைவி பெரிலை எரித்து ஜாடியில் கொடுத்தார்கள். திறந்து பார்த்தேன். வெளிறிய பொடி, நடுநடுவே நொய். நெப்போலியன் காலத்துக் கவசக் குதிரைப்படைக்கு, ஜூன் மாதப் புழுதிக்கு, அப்படியொரு நிறத்தை எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

அவள் தங்கை ஹில்டாவோ ஸ்கெக்னெஸ் கடலில்தான் கரைக்க வேண்டும் என்றாள். அக்காவின் ஆசையாம். அவள் மனம் நோகக்கூடாதென்று கிளிக்கூண்டுக்கு அடியில் பரப்புகிற மணலை ஜாடியில் நிரப்பிக் கொடுத்தேன். அதில் தினை கலந்திருந்ததைக் கவனிக்காதது என் தவறுதான். ஸ்கெக்னெஸ் கடற்காக்கைகள் கையிலிருக்கும் சிப்ஸைப் பிடுங்கித் தின்றுவிட்டு, வினிகர் போதவில்லை என்று முறைக்கிற ரகம். ஹில்டா பிரார்த்தனை முடித்துக் கண் திறப்பதற்குள் பொறுக்கித் தின்றுவிட்டன.

நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"யோவ் டெஸ்மண்ட், எங்கய்யா எங்க அக்கா?"

"மேல அலமாரில இருக்கா. இடது அணி."

"குடிச்சிருக்கியா?"

கூட்டிப்போய்க் காட்டினேன். ஒரு குதிரையின் காலடிப் புழுதியை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "எல்லாக் குதிரையையும் எடு. கடல்ல கொண்டு போடலாம்" என்றாள்.

"பிளாஸ்டிக் மிதக்கும் ஹில்டா. சாயங்காலத்துக்குள்ள கரைக்கே வந்துரும்."

நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். பெரிலின் குடையாலேயே அடித்தாள். அதற்கு நான் புகார் கொடுக்கவில்லை.

உயிரோடு இருந்தவரை பெரில் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. "அந்தக் குட்டிப் பசங்களோடயே குடும்பம் நடத்திக்கோ" என்பாள். இப்போது ஒரு போர் விடாமல் என்னோடு வருகிறாள். கண்காட்சியில் பரிசே வாங்கினோம்.

பரிசு வாங்கித் தந்தது குதிரையிலிருந்து விழுந்து கிடக்கும் வீரன். பெட்டியில் வருகிறவர்கள் எல்லோரும் வாளை உயர்த்தியபடி நிமிர்ந்துதான் இருப்பார்கள். ஒருவனுடைய முழங்கையை அறுத்துத் திருப்பி ஒட்டினேன். காலைச் சூடுபடுத்தி மடக்கினேன். விரல்களை விரித்து, முகத்தை மேல்நோக்கி வைத்தேன். நடுவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"விழுந்தவன் கை இப்படி மடங்கும்னு எங்கய்யா பாத்தீங்க?"

"வீட்லதான்."

சிரித்தார். பக்கத்திலிருந்த டெரன்ஸும் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. அதனால் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

படிக்கட்டில் அவள் உருண்ட சத்தம் எனக்குக் கேட்டது. நான் மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். சாம்பல் நிறக் குதிரை ஒன்றுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தேன். இரண்டு நிறமும் ஈரமாக இருக்கும்போதே கலக்க வேண்டும். பாதியில் எழுந்தால் கோடு விழும், பிறகு எத்தனை பூச்சு பூசினாலும் போகாது. "டெஸ்மண்ட்" என்று கூப்பிட்டாள். "இந்தக் குதிரை முடியட்டும்" என்றேன். மறுபடி கூப்பிட்டாள். வால் பாக்கி இருந்தது.

முதலில் கோபமாகத்தான் கூப்பிட்டாள், இன்ஸ்பெக்டரம்மா. கடைசியாகக் கூப்பிட்டபோது குரல் நன்றாகத் தணிந்திருந்தது. கோபம் ஆறிவிட்டது என்று நினைத்து, அடுத்த குதிரையை எடுத்தேன்.