பிளெக்ஸில் சிரிக்கும் தாய்மாமனுக்கு

விழாத் தலைவராய் வீற்றிருக்கும் ஊர்ப் பெரியவர் வெங்கடாசலம் அவர்களே! மைக்கும் மாலையும் ஏற்பாடு செய்த எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் ஆண்டனி ராஜ் அவர்களே! காப்பிப் பழம் பறித்த கையைக் கழுவக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! பக்கத்து ஊர் வெள்ளக்கடையிலிருந்து வண்டியில் வந்து, வண்டியை விட்டு இறங்காமலே பேச்சுக் கேட்கிற வாலிபச் சிங்கங்களே! அத்தனை பேருக்கும் கொட்டச்சேடு அத்தாயியின் வணக்கம்.

நான் படித்தது அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்தான். என் பேரப்பிள்ளைகளின் வெற்றிகளை வரிசையாகச் சொல்லச் சொன்னார்கள். சொல்கிறேன், கேளுங்கள்.

சின்ன மகனின் பிள்ளை சக்தி. இந்த மலையின் கொண்டை ஊசி வளைவிலெல்லாம் பஸ் ஓட்டுகிறான். பஸ்ஸில் ஒரு கீறல் கிடையாது. அவன் தங்கச்சி வெண்ணிலா. இன்றைக்கு நீங்கள் மாலை போட்டவள். புற்றுநோய் வைத்தியத்தில் ஸ்டெம் செல் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவள். பெரிய மகனின் பெண் கவிப்பிரியா. இடுப்பில் குழந்தை, அடுப்பில் சோறு, கையில் புத்தகம் என்று இருந்து பி.ஏ. முடித்தவள்.

தட்டுங்கள் கையை! போதும், நிறுத்துங்கள். இன்னும் ஒருத்தன் பாக்கி.

கவிப்பிரியாவின் கூடப் பிறந்த தம்பி ஜீவானந்தம். அவன் வெற்றியை நான் சொல்ல வேண்டுமா? பஸ் ஸ்டாண்டில் அண்ணாந்து பாருங்கள்! அக்கா மகளின் காதுகுத்துக்கு வைத்த பிளெக்ஸ். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, கழுத்துக்கு இரவல் சங்கிலி. "பாசத்தின் சிகரமே! தாய்மாமன் குலத்தின் தங்கமே!" எழுதச் சொன்னவனும் அவன்தான், காசு கொடுத்தவனும் அவன்தான். சீர்த்தட்டு என்ன, செண்டை மேளம் என்ன, சேர்வராயன் சாமி தேர்கூட அப்படி அசைந்து வந்ததில்லை!

சிரிக்காதீங்க சாமி. சிரிக்கிற கதை இத்தோட முடிஞ்சுது.

அந்தக் காதுகுத்து முடிந்த கொஞ்ச நாளில் கவிப்பிரியாவுக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள். இப்போதும் சேலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். வெண்ணிலா எனக்கு விளக்கிச் சொன்னாள். "அப்பத்தா, பூச்சி விழுந்த காப்பிச் செடியைப் பிடுங்கி எரிச்சுட்டு, நல்ல நாத்து வெக்கறோமில்ல? அக்காவோட எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற இடத்துலயும் அதைத்தான் பண்ணணும். மருந்து கொடுத்து கெட்டதை அழிச்சிடுவாங்க. நாத்துதான் ஸ்டெம் செல். ஒத்துப்போற ஆளு ஒருத்தர் கொடுக்கணும்."

நாற்று வானத்திலிருந்து விழுமா? வாட்ஸ்அப்பில் வருமா? குடும்பத்தோடு போய்ச் சோதனைக்குக் கொடுத்தோம். நானும் கையை நீட்டினேன். "உங்க வயசுக்கு எடுக்க மாட்டோம் பாட்டி" என்று அந்த டாக்டர் பையன் சிரித்தான். சக்தியுடையது ஒத்துப்போகவில்லை. வெண்ணிலாவுடையதும் ஒத்துப்போகவில்லை. அப்படியே பொருந்தியது யாருடையது?

பாசத்தின் சிகரத்துடையது!

சிகரம் என்ன செய்தது? ஆஸ்பத்திரி வரைக்கும் போனது. கேன்டீனில் ரெண்டு பரோட்டா தின்றது. ஸ்டெம் செல் கொடுக்க மாடி ஏறி வரச் சொன்னதும், அடுத்த பஸ் பிடித்து மலையேறி வந்துவிட்டது. கேட்டால், "மிளகு பறிக்க ஆள் இல்லீங்க அப்பத்தா." அடேய், நம்ம தோட்டத்து மிளகு என்றைக்கடா உன் கையைப் பார்த்தது?

அவனுக்குப் புத்தி சொன்ன மகான்களும் இங்கேதான் இருக்கிறார்கள். முதுகெலும்பில் ஓட்டை போடுவார்களாம். ஆண்மை போய்விடுமாம். கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் புருஷன் ஊடுதான் பார்க்க வேண்டுமாம். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து டாக்டர் பட்டம் வாங்கிய மேதைகளே! என் பேத்தி இத்தனை வருஷம் ராத்திரி பகலாகப் படித்தது வீண். உங்களிடம் வந்து ஒரு டீ குடித்திருந்தால் போதும்!

அவனுக்கு என்ன செய்வார்கள் தெரியுமா? சில நாள் ஊசி போடுவார்கள். உடம்பு வலிக்கும், காய்ச்சல் அடித்த மாதிரி இருக்கும். ஒரு கையில் ரத்தத்தை எடுத்து, மெஷினில் ஓட்டி, வேண்டியதைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை உடம்புக்கே திருப்பி விடுவார்கள். எடுத்தது கொஞ்ச நாளில் மறுபடியும் ஊறிவிடும். இதற்கா ஓட்டம்?

என்ன? யாரது பின்னாடி? எந்திரிச்சு நின்னு சொல்லு கண்ணு.

"பயமா இருக்குதுங்க அப்பத்தா."

கேட்டீர்களா? தங்கம் வாயைத் திறந்துவிட்டது! டேய் ஜீவா, நீ சொன்னதிலேயே இது ஒன்றுதான் உண்மை. பயப்படு. நொம்பப் பயப்படு. உன் அக்காளுக்குப் பயமில்லையா? முடியெல்லாம் கொட்டி, பெற்ற மகளே அடையாளம் தெரியாமல் அழுததே, அவளுக்குப் பயமில்லையா? "ஜீவா வந்தா அக்கா பிழைச்சுருவாளா?" என்று நானும் வெண்ணிலாவைக் கேட்டேன். "சத்தியம் பண்ண முடியாது அப்பத்தா. சிலருக்கு ஒட்டுது, சிலருக்கு ஒட்ட மாட்டேங்குது. ஏன்னுதான் நான் தேடிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இவ்வளவு படித்தவளிடம் இல்லாததடா அது! மாலை போட்ட கழுத்தில் இல்லை, பட்டம் வாங்கிய கையில் இல்லை. பத்தாவது ஃபெயிலாகி, பிளெக்ஸில் பல்லைக் காட்டுகிற உன்னிடம் இருக்கிறது! அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு யாருக்கடா சீர் செய்யப் போகிறாய்? அக்காள் இல்லாத ஊட்டில் எந்தத் தாய்மாமனுக்கடா மேளம் அடிப்பார்கள்?

தலைவர் மணி அடிக்கிறார். முடித்துக்கொள்கிறேன்.

ஊராருக்கு வணக்கம் மட்டும் இப்போது. நன்றியை நான் இன்னும் கையில்தான் வைத்திருக்கிறேன். காலையில் சேலத்துக்கு முதல் பஸ்ஸை சக்திதான் எடுக்கிறான். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் தம்பிக்குத் துண்டு போட்டு வைப்பான். ஜீவா, அந்த பிளெக்ஸை யாரும் இறக்க வேண்டாம், இறக்குவதா வைப்பதா என்று நீயே பார்த்துக்கொள். கண்ணாடி வேண்டாம், சங்கிலி வேண்டாம். கையில் ஊசியோடு, அழுத முகமாக இருந்தாலும் சரி, அக்காளுக்குக் கொடுக்கிற அன்றைக்கு நம் குடும்ப குரூப்பில் புதுசா ஒரு போட்டோ போடு சாமி.